கேட்டு வாசல் படமும் உன் வாழ்த்தும்

அன்பு மகன் கார்முகிலுக்கு மண்ணூரிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆரம்பித்தால் கத்திவிடுவேன். வாட்சப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதிக் கூரியரில் போடுகிறேன். விஷயம் இதுதான். உன் தங்கை இசைவாணிக்கு வேலை போய்விட்டது. அதற்கு நீ வாழ்த்துச் சொல்லியிருக்கிறாய்.

முழுசாகப் படி. ஆர்டர் குறைந்துவிட்டது என்று கம்பெனியில் அவள் இருந்த வயரிங் லைனையே மூடிவிட்டார்கள். இங்கே வழக்கம் உனக்குத் தெரியும், லைனை விட்டுப் போகிறவர்கள் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு கம்பெனி கேட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அழுத முகத்தோடு யாரும் நிற்க மாட்டார்கள், பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். அந்தப் படத்தை அவள், வேலை பார்க்கிறவர்களுக்கென்றே இருக்கிறது என்று நீ சேர்த்துவிட்டாயே, அந்தத் தளத்தில் போட்டாள். கீழே நாலு பத்தி எழுதினாள், நானும் படித்தேன். இந்த லைனில் ஆறு வருஷம் என்று ஆரம்பித்து, கற்றுக்கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி, வேலை போனதையும் குவாலிட்டி செக்கிங்கில் எங்காவது இடம் இருந்தால் சொல்லுங்கள் என்பதையும் கடைசியில்தான் எழுதியிருந்தாள். நம் புத்தி அப்படித்தானே, ஒரு வீட்டுக்குப் போனால் காபி குடித்து, பிள்ளைகளை விசாரித்து, எழுந்திருக்கும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்வோம்.

அந்தத் தளத்துக்காரன் மாசத்துக்கு ஒன்றை மாற்றுகிறான். முன்பெல்லாம் எழுதியது முழுசாகத் தெரியுமாம், இப்போது படம்தான் பெரிசு, எழுத்து ஒரே வரி, மிச்சத்தைப் படிக்க இன்னொரு தரம் தொட வேண்டும். எவன் தொடுகிறான்? அதோடு விட்டானா, சிரித்த முகங்களைப் பார்த்து அதுவே 'வாழ்த்துகள்' என்று கீழே எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறது, நாம் ஒரு தட்டுத் தட்டினால் போதும். தட்டு தட்டென்று தட்டினார்கள், கூடப் படித்தவர்கள், பழைய சூப்பர்வைசர், முகம் தெரியாதவர்கள் எல்லாரும். மத்தியானம் உன் பெயரும் வந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டாள், சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தாள். "அண்ணனாச்சும் படிச்சிருக்கும்னு நெனச்சேன்ப்பா" என்றாள்.

வயிறு எரிகிற விஷயம் இன்னொன்று இருக்கிறது. நான் ஓட்டுகிற ஷிஃப்ட் வண்டியில் நம்பிராஜன் என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் வருகிறான், முன்பு இவளோடு ஒரே லைனில் இருந்தவன், இப்போது வல்லம் வடகாலில் வேறு கம்பெனி. அங்கே குவாலிட்டிக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், இவன் வேறொரு பெண்ணைச் சொல்லி அவள் சேர்ந்தும்விட்டாள். இது தெரியாமல் நான் வண்டியை எடுக்கப்போக, இசைவாணிக்கு ப்ரமோஷனா அண்ணாச்சி, ட்ரீட் எப்போ என்று சிரித்துக்கொண்டே ஏறுகிறான். விஷயத்தைச் சொன்னேன், பையன் முகம் செத்துவிட்டது. "தெரிஞ்சிருந்தா அவளத்தான சொல்லிருப்பேன் அண்ணாச்சி, நானும் வாழ்த்துன்னு தட்டிட்டுல்லா போயிட்டேன்" என்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, அவன் யார் பிள்ளையோ. உன்னைத் திட்டலாம்.

வேலை வேண்டும் என்று முதல் வரியிலேயே போட்டு இன்னொரு தரம் எழுது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். எழுதினாலும் அந்தத் தளம் இப்போது யாருக்கும் காட்டாதாம், அழுதுகொண்டு வீடியோ போட்டால்தான் ஆயிரம் பேருக்குக் காட்டுமாம். எனக்கு வேலதானே வேணும், கூட்டம் இன்னாத்துக்குப்பா என்று கேட்கிறாள். அப்புறம் அவள் அதைத் திறக்கவே இல்லை, வெளியே போவதும் குறைந்துவிட்டது. பழைய கம்பெனி பஸ் தெருவில் திரும்பும்போது மட்டும் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறாள், உன் அம்மா அதைப் பார்க்கச் சகிக்காமல் அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

நீ ஒரகடத்தில் இருந்தபோது உன்னோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடு, வாயைத் திறந்து பேசு, என் தங்கச்சிக்கு வேலை வேண்டும் என்று கேள். கௌரவம் பார்க்காதே, கேட்டால் குறைந்துபோக மாட்டாய். நீ நன்றாக இருக்க வேண்டும், கையில் எடுத்த காரியமெல்லாம் ஜெயிக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. ஆனால் இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அவர்களுக்கெல்லாம் முந்தி அவளைக் கூப்பிடு, மறக்காதே. நல்லாத்தான் கீறேண்ணா என்பாள், சரி என்று வைத்துவிடாதே, அவள் அழுதாலும் லைனிலேயே இரு. எங்கள் எதிரில் அவள் இன்னும் அழவில்லை.

இப்படிக்கு,
உன் மேல் கோபத்தில் இருக்கும் அப்பா
கண்ணப்பன்