பாகிங் சனிக்கிழமை

செப்டம்பர் 9, திங்கள்
வீட்டுக்காரர் செத்துப்போய் இன்று இருபத்தொன்பதாம் நாள். ஆபீஸில் காபி போடும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்
சுரபாயாவில் கதிர்ப்பொருள் விற்கும் கம்பெனியிலிருந்து பிமோ வந்தார். கையில் எங்கள் ஆபீஸ் பேரில் யாரோ அவரிடம் கொடுத்த ஒரு கடிதம். குழாய் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று கதிரால் படம் எடுக்க எங்கள் லைசென்சில் இரண்டு கதிர்ப்பொருள் பெட்டிதான் வாங்கலாம். கடிதம் ஐந்து கேட்கிறது. லைசென்ஸ் நகலிலும் ஐந்து. அடியில் என் வீட்டுக்காரர் துக்கிரான் கையெழுத்து. பெட்டிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அவர்தானே.

முதலாளியம்மா ஹர்தினி முகம் வெளுத்துவிட்டது. "செத்தவரைப் பேசக்கூடாது சுமினி. ஆனா லைசென்சை வித்துட்டாரா மனுசன்?"

அவரா? தப்பான கைக்குப் போனால் ஊரே தாங்காது என்று பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பவரா?

தேதியைப் பார்த்தேன். ஆகஸ்ட் 3. விரல் விட்டு எண்ணினேன் — சனி, பாகிங்! எங்கள் ஜாவாவின் ஐந்து நாள் சந்தை வாரத்தில் பாகிங் ஒரு நாள்; அது சனிக்கிழமையோடு சேர்ந்து முப்பத்தைந்து நாளுக்கு ஒரு தரம் வரும். அவர் அப்பா செத்த நாள் அது, ஆகாத நாள். அன்றைக்குப் பேனாவையே தொடமாட்டார்.

"அம்மா, இது அவர் போட்டதில்ல!"

"அக்கா, இதையெல்லாம் சர்க்கார் ஒத்துக்குமா?" என்று பிமோ சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. பெட்டி அறைப் பதிவேட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பாகிங் சனியும் அவர் கையெழுத்துக் கட்டம் காலி. "இதுக்காக எத்தனை தடவ திட்டியிருக்கேன் இந்த மனுசன!"

செப்டம்பர் 13, வெள்ளி
லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் சொல்லிவிட்டது: கொடுத்தது இரண்டுதான். கையெழுத்து பழைய ரசீதிலிருந்து எடுத்து ஒட்டியது. கடிதம் கொடுத்தவன் பிடிபட்டான். ஒரு பெட்டியும் போகவில்லை. அப்பாடா!

செப்டம்பர் 20, வெள்ளி
நாற்பதாம் நாள் விருந்து. தெருவே கேட்க முதலாளியம்மா சொன்னார்: "துக்கிரான் பேர்ல ஒரு சொட்டுக் கறை கிடையாது." பிமோ இரண்டு தட்டுக் கோழி தின்றார். "அக்கா, இனி நல்ல நாள் கேட்டுத்தான் சரக்கே அனுப்புவேன்." வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்காரர் போனபிறகு முதல் தரம்.

அக்டோபர் 3, வியாழன்
லைசென்ஸ் அசல் இருக்கும் அலமாரி இப்போது என் பொறுப்பு. இன்று போன் வந்தது.

"சுமினி, லைசென்சப் போட்டோ எடுத்து அனுப்பு. அவசரம்."

"குரல் எங்க முதலாளியம்மா மாதிரி இருக்கு. நேர்ல வாங்க, காபி தர்றேன்."

"ஏய், நான்தான்டி!"

"யாரா இருந்தாலும்."

ஒரு மணி நேரத்தில் மழையில் நனைந்து வந்து நின்றார். ஐயோ, முதலாளியம்மாவேதான்! நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று நினைத்தேன்.

"துக்கிரான் பொண்டாட்டிதானே நீ," என்று சொல்லித் தலையைத் துவட்டிக்கொண்டார்.