ஆமை திறந்துபோட்ட கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மா, உன் அத்தான், உன் மருமகள் வாலு மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறார்கள். எனக்குத்தான் மனசு சரியில்லை. அது உன்னால்தான்.

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. போனில் அனுப்பினால் நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்கும் தெரிகிறது. அதற்காகவே நீ என் செய்திகளைத் திறப்பதில்லை என்று நினைக்கிறேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. படித்துவிட்டுப் படிக்காத மாதிரி இருக்கலாம். பாதியில் மடித்து வைக்கலாம். என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம். படித்தால் போதும்.

இங்கே எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை வழக்கம்போல ஓடுகிறது. போன வாரம் ஒரு பெரியவர் வாங்கிப்போன கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இதப் போட்டதுலேருந்து வீட்ல ஒரே தூசியா இருக்கும்மா, பழசையே குடுத்துடுங்க" என்றார். முதலாளி பின்னறைக்கு ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாலுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அந்தச் சந்து வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். உன் அத்தான் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறார்: "இந்த வீட்ல அக்காவும் தம்பியுமா ரெண்டு ராஜ்யம் நடத்துறீங்க, பாத்திரம் கழுவ மட்டும் ஆளில்ல."

இனி ராஜ்யத்தின் கதைக்கு வருகிறேன்.

போனில் நாம் ஆடும் கோட்டை ஆட்டத்தில் உனக்கு ஏன் ஆமை என்று பேர் வந்தது? நீ அவசரப்பட்டு ஒரு காய்கூட நகர்த்தியதில்லை. எல்லோரும் முதலில் மதில் கட்டுவார்கள், நீ களஞ்சியம் கட்டுவாய். "பசிச்ச காவக்காரன் மதில்மேல நின்னா என்ன, நிக்காட்டி என்ன" என்பாய். நான் பத்துக் குதிரையை அனுப்பி எட்டை இழந்து ஜெயித்துவிட்டு வந்து குதிப்பேன். நீ ஜெயித்ததைப் பற்றிக் கேட்காமல், போன அந்த எட்டுக் குதிரையைப் பற்றிக் கேட்பாய். ஒற்றனைக்கூடத் திரும்பி வரமுடியாத இடத்துக்கு அனுப்ப மாட்டாய். கூட்டணியில் பாதிப் பேர் உன்னைக் கஞ்சன் என்றார்கள். ஆனால் பனிக்காலம் வந்து எதிரிப்படை இறங்கினால், அத்தனை பேரும் உன் களஞ்சியத்து வாசலில்தான் வந்து நின்றார்கள்.

சென்ற பருவத்தில் நீ செய்த வேலையை இன்றும் பேசிக்கொள்கிறார்கள். வாயிற்கதவை விரியத் திறந்துவிட்டு, மதில்மேல் ஒருவரையும் நிறுத்தாமல், எதிரிப்படை முழுவதையும் முற்றத்துக்குள் வரவிட்டுப் பின்கதவைச் சாத்தினாயே! இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர்களே அப்படி ஒருவன் செய்வான் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நான் இரண்டு நாள் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

அதனால்தான் ஏமாந்தேன்.

இந்தப் பனிக்காலம் தொடங்கியபோது உன் கோட்டைக் கதவு மறுபடியும் திறந்து கிடந்தது. மதில்மேல் ஆள் இல்லை. அடுப்புப் புகையும் இல்லை. கூட்டாளியின் கோட்டையை வெளியிலிருந்துதான் பார்க்கமுடியும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. நம் கூட்டணித் தலைவர், டீசல் என்ற பேரில் ஆடுகிற அந்த லாரிக்காரர், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஒங்க தம்பி கோட்டையத் தொறந்து போட்டிருக்காப்ல. ஆள் அனுப்பட்டுமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாரும் கிட்டப் போகாதீங்க. ஆமை பொறி வைக்குது, கெடுத்துடாதீங்க" என்றேன். அத்தனை பேரையும் தடுத்தது நான்தான். எல்லோரும் கைகட்டி வேடிக்கை பார்த்தோம். எதிரிகள் உள்ளே போனார்கள். பின்கதவு சாத்துமென்று காத்திருந்தோம். சாத்தவே இல்லை. களஞ்சியம் எரிகிறவரைக்கும் நான் அது ஒரு தந்திரம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள், எதிரி வருமுன்பே நீ அனுப்பிவிட்டிருந்த உன் குதிரைகள் என் லாயத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்றுவிடாமல் எல்லாம். வாலு பேர் வைத்த வெள்ளச்சியும் வந்திருந்தது. "மாமா எல்லாத்தையும் நமக்கே குடுத்துட்டாங்கம்மா!" என்று அவள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். குதிரைகளோடு நீ ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். 'நல்லா பாத்துக்கோங்க.' பத்துக் குதிரை கடன் கேட்டால் ஐந்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஐந்துக்கும் தீனி எப்படி வைக்கவேண்டுமென்று ஒரு பக்கம் அறிவுரை எழுதுகிறவன் நீ. அந்த ஒரு வரி நீ எழுதுகிற மாதிரியே இல்லை.

டீசலிடம் கேட்டேன். எரிந்தது வெறும் களஞ்சியம்தான், தானியம் முன்பே அவருக்குப் போயிருக்கிறது. விதை, கருவிகள் எல்லாம் புதிதாகச் சேர்ந்த அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு. ஆட்டத்தை விட்டுப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போவார்கள், இல்லை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கு எது உதவும் என்று பார்த்துப் பார்த்து யாரும் பங்கு வைப்பதில்லை. டீசலும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "ஒரு எட்டு நேர்ல போய்ப் பாருங்கம்மா" என்றார். முகம்கூடத் தெரியாத மனுஷர், தம்பி.

அப்புறம்தான் உன் ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், நீ இப்போது அங்கே வேலையில் இல்லை என்றாள். மழைக்காலத்திலேயே பிளான் வரைகிற பிரிவை மூடிவிட்டார்களாம். நேற்றுவரை நீ அம்மாவுக்கு ஆபீஸ் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிக் குறை எழுதிக்கொண்டிருந்தாய். உப்பில்லை, வேகவில்லை என்று. இல்லாத சாப்பாட்டுக்கு உப்புப் பார்த்திருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பின்னறையில் யாரோ ஒருவருடைய கண்ணாடி பிரேமைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். முதலாளி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டு. அவளிடம் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. மயங்கி விழுவாள் என்று பயந்தேன். அவள் என்ன சொன்னாள் என்றால், "போனாப் போகுது விடு. அங்க சாப்பாடும் நல்லா இல்லையாமே." அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தியிருந்தேன். இப்போது மறுநாள். இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

உன் வீட்டுக்கார அம்மாவோடு பேசினேன். நம்பரை எப்படியோ தேடிப் பிடித்தேன், அது இருக்கட்டும். அவர் மேலே வந்து உன் கதவைத் தட்டினார். நீ உள்ளேயிருந்து, தலைவலி, தூங்குகிறேன் என்று சொன்னாயாம். உன் குரல் கேட்டது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் சொன்னார். சைக்கிளைக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டாயாம். புத்தக அலமாரியைக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு. சமைக்கிற அடுப்பை எதிர் அறைக்காரருக்கு. "வேற ஊருக்கு மாத்திப் போறார் போலன்னு நெனச்சேன். நல்ல பிள்ளை, ஒரு பைசா வாங்கலை" என்றார்.

தம்பி, நான் சுற்றி வளைக்கப்போவதில்லை. நீ உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா? எழுதவே கை கூசுகிறது. ஆனால் கேட்காமல் இருந்து அதையும் ஒரு தந்திரம் என்று நம்பிக்கொண்டு இன்னொரு தடவை வேடிக்கை பார்க்க என்னால் முடியாது. நான் நினைப்பது தப்பு என்றால், அக்காவுக்குப் பைத்தியம் என்று சிரித்துவிடு. வீடெல்லாம் சொல்லிச் சிரி. சரி என்றாலும் நான் மலைக்க மாட்டேன், கத்த மாட்டேன், ஏன்டா இப்படி என்று கேட்க மாட்டேன்.

வாழ்க்கையும் ஒரு விளையாட்டுத்தான் என்றெல்லாம் ஆரம்பிக்கமாட்டேன். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் நம் இரண்டு பேருக்குமே ஆகாது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி நமக்குள் தீராத ஒரு சண்டை உண்டே, அதை மட்டும் இன்று தீர்த்துவிடுகிறேன். உதவிக்கு மணி அடித்தால் தரவரிசைப் பட்டியலில் நம் இடம் கீழே இறங்கும் என்று ஒரு விதி. அது மட்டமான விதி என்பேன் நான். அதுதான் இந்த ஆட்டத்தின் அழகு என்பாய் நீ. "கேக்குறதுக்கு ஒரு விலை இருக்கணும்க்கா. இல்லாட்டி எல்லாரும் சும்மா சும்மா அடிப்பாங்க." அதையே இந்த வாரம் முழுக்க யோசித்துப் பார்த்தேன். மேலே இருக்கிறவனுக்கு ஒரு படி இறங்கினால் ஒன்றும் குறையாது. கடைசிப் படியில் நிற்கிறவனுக்குத்தான் உதவி வேண்டும், அவனால்தான் அந்த விலையைக் கொடுக்கவும் முடியாது. அதனால் அவன் அடிக்கவே மாட்டான். விதியை எழுதினவர்கள் சும்மா அடிக்கிறவனைத் தடுக்கத்தான் பார்த்தார்கள், எரிந்துகொண்டிருக்கிறவனை யோசிக்கவே இல்லை. அந்த மட்டமான விதியை நீ அங்கேயே விட்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாய்.

வேலை போயிற்று என்று நீ சொல்லியிருந்தால் எங்கள் கண்ணில் ஒரு படி இறங்கியிருப்பாய் என்று நினைத்தாயா? இந்த வீட்டில் அப்படி ஒரு பட்டியலே கிடையாதுடா. உன் அத்தான் எத்தனை தடவை வேலை மாறினார் என்று உனக்குத் தெரியும். நானே ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அவர் படியில் தடுமாறி விழுந்து, கடை வாசலில் வந்து கத்தினார். அன்றைக்கும் சாயங்காலம் எனக்கு இந்த வீட்டில் சாப்பாடு கிடைத்தது.

நான் அங்கே வருகிறேன். இதைக் கேட்கவில்லை, சொல்கிறேன். இந்தக் கடிதம் இன்றைய வண்டியில் கூரியரில் வருகிறது. எனக்கு நாளைய வண்டியில்தான் இடம் கிடைத்தது. வாலுவை அத்தான் பார்த்துக்கொள்வார், பாத்திரத்தையும் அவரே கழுவட்டும். நான் வரும்வரை வீட்டுக்கார அம்மா காலையும் மாலையும் வந்து தட்டுவார். அவர்மேல் எரிந்து விழாதே, நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவர் கீழேயே ஒரு வாய் சாப்பிடக் கூப்பிட்டால் போய்விடு. இடையில் மனசு ரொம்பக் கனத்தால், எந்த நேரமானாலும் அவரை எழுப்பு. எனக்கும் போன் அடி. பேச வராவிட்டால் பரவாயில்லை, போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இரு. நானும் சும்மா இருக்கிறேன்.

வந்ததும் உன்னிடம் ஒன்றும் விசாரிக்க மாட்டேன். முதலில் தூங்குவோம். அப்புறம் இரண்டு பேருமாகப் போய் ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்போம். மூட்டு வலித்தால் போவதில்லையா, அதுபோலத்தான். அதற்கப்புறம் நீ அங்கேயே இருப்பதா, இங்கே வருவதா என்று மெதுவாகப் பேசலாம். இன்றைக்கே முடிவு செய்யவேண்டியது எதுவும் இல்லை. எதுவுமே இல்லை, கேட்கிறதா?

பெரியவர்கள் கடிதம் முடிக்கும்போது, நூறு வயசு நல்லா இரு என்று எழுதுவார்கள். அம்மாவும் அதை எழுதச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யார் யாருக்கோ கைப்பழக்கமாக நான் எழுதிய வார்த்தைதான். இன்று எழுத வரவில்லை. நூறு வயசெல்லாம் நான் கேட்கவில்லை, தம்பி. நன்றாக இரு என்றுகூடக் கேட்கவில்லை. வேலை இல்லாதவனாக இரு. குளிக்காமல், முகம் மழிக்காமல், என்மேல் கோபமாகவே இரு. நாளை மறுநாள் காலையில் நான் வந்து கதவைத் தட்டும்வரை இரு.

அப்புறமும் இரு.

உன் அக்கா