யுரானியின் சைக்கிளை நான் கடல் தாண்டிக் கொண்டுபோனது

மார்ச் 3, செவ்வாய்

நேற்றுப் பால் குறைவு. மேட்டுப் பக்கத்து மாடுகளுக்கு என் பால் வண்டிச் சத்தம் கேட்காவிட்டால் மடி சுரக்காது. வேறு ஓட்டுநர் போனதால் வந்த வினை.

பெரிய செய்தி வேறு. என் தங்கை மகள் யுரானியை ஸ்பெயினுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! அங்கே மலைப்பக்கத்தில் மைத்தே என்கிற அம்மாள் நடத்தும் பெண்கள் சைக்கிள் அணி. பதினைந்தாம் தேதி ஒரே ஒரு பந்தயத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சைக்கிளை நாங்களே கொண்டுவர வேண்டுமாம், அங்கே உபரி சைக்கிள் கிடையாதாம். ஊரே சேர்ந்து ஒரு கன்றுக்குட்டியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தி வாங்கிக் கொடுத்த சைக்கிள். அது வழியில் உடைந்தால் பந்தயம் இல்லை. கதை முடிந்தது.

கூடப் போவது யார்? என் தங்கை ரொசால்பா, "பதினெட்டு வயசுப் பொண்ணைத் தனியா அனுப்ப மாட்டேன்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் எழுந்து நின்றேன். "விமானத்தைப் பத்தி எனக்குத் தெரியாததா?" என்றேன். தெரியும்தான். பொகோட்டா விமான நிலைய வேலியோரம் லாரியை நிறுத்திவிட்டு ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஏறவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

தேஹோ விளையாட்டுக் களத்தில், களிமண்ணில் பதித்த வெடிமருந்துப் பொட்டலத்தைக் குறிபார்த்து இரும்புத் தட்டு எறிய நின்றேன். முதல் வீச்சிலேயே பொட்டலம் வெடித்தது. (இரண்டாவது வீச்சு என்பான் என் கூட்டாளி கஸ்தோதியோ. அவனுக்குப் பொறாமை.)

"ஏண்டா பார்மேனியோ, பக்கத்துல இருக்கிற தூன்ஹாவுக்குப் பஸ்ல போறப்பவே வாந்திக்குப் பை கேக்கிறவன் நீ. கடல் தாண்டப் போறியா?" என்றான் கஸ்தோதியோ.

"பஸ்ல வளைவு இருக்கு. வானத்துல ஏதுடா வளைவு?" என்றேன்.

"சைக்கிளை எப்படிடா கொண்டுபோவே? மடியில வச்சுக்கிட்டா?"

"இறக்கைக்குக் கீழ கட்டுவாங்க" என்றேன். பிறகு யோசித்தேன். அப்படித்தான் கட்டுவார்களோ? யுரானியிடம் கேட்கவில்லை. கேட்டால் அவளுடைய பயிற்சியாளர் என்கிற என் மரியாதை என்ன ஆவது? ஆறு வருஷமாக விடியலில் என் பால் வண்டியைச் சைக்கிளில் துரத்தித் துரத்தித்தான் அவள் இந்தக் கால் பலத்தை வளர்த்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

சைக்கிள் கடைக்காரர் பெரிய அட்டைப்பெட்டி கொடுத்தார். பெட்டி கட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

சக்கரங்கள் கழன்றன. ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டது. வலது பெடல் கழன்றது. இடது பெடல் வரவேயில்லை. ஸ்பேனரில் குழாயை மாட்டி முழு பலத்தையும் கொடுத்தேன். தோக்காவில் என் கைக்கு எதிர் கை கிடையாது, அது ஊருக்கே தெரியும். "உன் கால் பலத்துல இரும்பே ஒட்டிப் போச்சு, பொண்ணே" என்றேன். அவள் வந்து ஸ்பேனரை எதிர்ப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினாள். கழன்றது.

"நீங்க இளக்கி வச்சிட்டீங்க மாமா" என்றாள்.

ஆமாம், இளக்கி வைத்திருந்தேன்.

டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். மேலே போகப் போகக் காற்று வீங்குமாம். எங்கள் ஊரே பாதி வானத்தில்தான் இருக்கிறது, எங்கள் டயருக்கு இது பழக்கம் என்று சொன்னேன். இருந்தாலும் குறைத்தேன்.

பெட்டியில் இண்டு இடுக்கு நிறைய இருந்தது. எல்லாவற்றிலும் வெல்லக் கட்டிகளை அடைத்தேன். பனேலா வெல்லம் இல்லாமல் எங்கள் பெண் எப்படி மலை ஏறுவாள்? ஸ்பெயின்காரர்கள் காப்பியில் என்னத்தைப் போடுகிறார்களோ!

ரொசால்பா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வழியில உடைஞ்சா உடையட்டும். பொண்ணு திரும்பி வந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றாள். பிறகு அவளே பெட்டிக்கு ஒட்டு நாடாவை நாலு சுற்று கூடச் சுற்றினாள்.

மார்ச் 10, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. சைக்கிளை நினைத்துத்தான். எனக்குப் பயமில்லை.

மார்ச் 11, புதன். விமானத்துக்குள்ளிருந்து எழுதுகிறேன்

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. விமானம் ஆடுவதால்.

வரிசையாக எழுத வேண்டும், பின்னால் பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். விமான நிலையத்தில் பெட்டி ஓர் இயந்திரத்துக்குள் போனது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி உள்ளே போனது. போலீஸ்காரப் பையன் ஒருவன், "இது யாருது?" என்றான். திரையில் என் வெல்லக் கட்டிகள் செங்கல் செங்கலாக, கறுப்பாகத் தெரிந்தன. ஐயோ ஆண்டவரே, எங்க நாட்டுல, வெளிநாடு போற பெட்டிக்குள்ள, செங்கல் செங்கலா! போதைப்பொருள்னுதானே நினைப்பான்!

"வெல்லம்பா, வெறும் வெல்லம்" என்றேன். ஒரு கட்டியை உடைத்து நானே தின்று காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. சைக்கிள் குழாயைக் காட்டி, "இதுக்குள்ள?" என்றான். "துளை போட்டுப் பாத்துரலாமா, சார்ஜென்ட்?"

யுரானி வெளுத்துப் போனாள். சைக்கிளின் பிரேம் கார்பன் நாரால் ஆனது, துணி மாதிரி நெய்தது. ஒரு துளை போதும், அதோடு செத்தது. துளை போட்டா நான் என்ன பண்ணுவேன், ரொசால்பாகிட்ட என்ன சொல்லுவேன்.

சார்ஜென்ட் ஒரு பெண். குனிந்தாள். குழாயோடு காதை வைத்து, விரல் நகத்தால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே போனாள். டக், டக், டக். ஒரே சத்தம், வெற்றுச் சத்தம். யுரானி இருக்கைக் கம்பியை உருவிக் கொடுத்தாள். சார்ஜென்ட் உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள்.

"எந்த ஊரு?"

"தோக்கா."

"அப்ப மேட்டுல ஓட்டுவே."

"ஆமாம்மா."

"எங்கப்பாவும் ஓட்டினாரு. ஊர்ப் பந்தயத்துல கடைசியா வருவாரு, அதையும் பெருமையாச் சொல்லிக்குவாரு." பையனைத் திரும்பிப் பார்த்தாள். "துளையாம் துளை. நாலு பேரைக் கூப்பிடு, இதைப் பதனமா உள்ள வைக்கணும்."

நாலு பேர் வந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், தரை துடைக்கிறவர் ஒருவர், அந்தப் பையன். தொட்டில் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள். அப்போதுதான் யுரானி, "ஒரு நிமிஷம்" என்றாள். பின்சக்கரம் மாட்டுமிடத்தில் கியர் மாற்றுகிற பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே போயிருந்தால் முதல் மோதலிலேயே முறிந்திருக்குமாம். அதைக் கழற்றி, என் கம்பளிப் போர்வையை, ருவானாவை, கேட்டு வாங்கி, அதில் சுற்றி, உள்பக்கமாகக் கட்டினாள்.

பெட்டி கட்டும்போதே அவள் அதைக் கவனித்திருந்தாளா? கேட்டேன்.

"பாத்தேன். வண்டி ஏத்துறதுக்கு முன்னால நீங்க அசந்த நேரம் பிரிக்கலாம்னு இருந்தேன். நீங்க அசரவே இல்ல மாமா."

ஆக, என் வெல்லம்தான் சைக்கிளைக் காப்பாற்றியது. வெல்லம் இல்லாவிட்டால் பெட்டியைத் திறந்தே இருக்கமாட்டார்கள். இதைக் கஸ்தோதியோவுக்கு எழுத வேண்டும். பாதி வெல்லத்தை அந்த நாலு பேருக்கும் கொடுத்துவிட்டேன்.

அதே நாள், பிறகு

மேகத்துக்கு மேலே இன்னொரு மேகம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. நீலம்தான். கீழே வெள்ளையாக, உழுதுபோட்ட வயல் மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாத வயல், முடிவே இல்லாமல். பிறகு அது விலகியது, கடல் வந்தது. கடலை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததாக ஊரில் சொல்லியிருக்கிறேன். சொன்னதைவிட ஆயிரம் பங்கு பெரிது, நானே இவ்வளவு பெரிதாகச் சொல்லத் துணிந்திருக்க மாட்டேன். அதன்மேல் ஒரு கப்பல், அரிசி மணி அளவு.

என் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், அந்தச் சைக்கிள் இருட்டில் என் ருவானாவைப் போர்த்திக்கொண்டு வருகிறது. நான் குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். சக்கரம் சுற்றாமலே இத்தனை தூரம் போகிறது! இதை எந்த மலையில் ஏறி யோசித்தாலும் என் மண்டைக்குள் அடங்காது.

பை கேட்டேன். இரண்டு முறை. கஸ்தோதியோவுக்குத் தெரிய வேண்டாம்.

மார்ச் 12, வியாழன்

மத்ரீத். பெரிய சாமான்கள் வருகிற கதவின் முன்னால் நின்றோம். எல்லாருடையதும் வந்தது. எங்களுடையது வரவில்லை. யுரானி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன், தெரியாதவர்களையும். கடைசியில் பெட்டி குப்புறக் கிடந்தபடி வந்தது. ஒரு மூலை கிழிந்திருந்தது. அங்கேயே பிரித்தோம்.

ஒரு கம்பிகூட வளையவில்லை.

வாழ்க்கையில் இரண்டாம் முறையாக மண்டியிட்டேன். முதல் முறை, சின்ன வயதில், கோயிலில் முதல் நற்கருணை வாங்க.

மார்ச் 14, சனி

இங்கே காற்று கெட்டியாக இருக்கிறது, கஞ்சி மாதிரி. எங்கள் ஊர் மெல்லிய காற்றில் வளர்ந்தவளுக்கு இது விருந்து என்று மைத்தே அம்மாளிடம் சொன்னேன். "பாக்கலாங்க" என்றாள். உயரமானவள், குறைவாகப் பேசுகிறாள். என்னிடம் நிறையப் பேசக் கற்றுக்கொள்வாள்.

மார்ச் 15, ஞாயிறு

மழை. அணியின் காரில் பின்னால், தண்ணீர்ப் புட்டிகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். சமவெளியில் யுரானி கூட்டத்தின் கடைசியில் கிடந்தாள். வளைவுக்கு வளைவு பின்தங்கினாள்.

"கூட்டத்துல ஓட்டப் பயப்படுறா" என்றாள் மைத்தே.

"எங்க ஊர்ல கூட்டம் ஏதும்மா? அவளும் என் வண்டியும்தான்" என்றேன். சொல்லிவிட்டு ஒரு தண்ணீர்ப் புட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது இதுக்கா? இதுக்குத்தானா?

பிறகு மலை வந்தது.

எப்படி எழுதுவது? மற்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இவள் அவர்களைத் தாண்டிக்கொண்டே போனாள், அவசரமே இல்லாமல், பால் வாங்கப் போகிறவள் மாதிரி. ஆறு வருஷமாக இவளை நான் பார்த்ததெல்லாம் என் வண்டிக் கண்ணாடியில்தான். முகம் மட்டும், என்னை நோக்கி வருகிற முகம். இன்றுதான் முதல் முறையாக முதுகைப் பார்த்தேன். சின்ன முதுகு. அது போய்க்கொண்டே இருந்தது.

நான் கத்தவில்லை. மைத்தே திரும்பிப் பார்த்து, "உடம்பு சரியில்லையாங்க?" என்றாள்.

ஏழாவது இடம். (கஸ்தோதியோவிடம் மூன்றாவது என்றேன். தொலைபேசியில் எண்கள் சரியாகக் கேட்பதில்லை.)

மார்ச் 16, திங்கள்

அக்டோபர் வரை சேர்த்துக்கொண்டார்கள். ரொசால்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சாப்பிட்டாளா?" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

யுரானியின் அறை சின்னது, ஜன்னலில் மலை தெரிகிறது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் பார்த்தேன். போகவில்லை. "திரும்பி வர்றப்போ வேணும்ல" என்றேன். அவள் அதை எடுத்துப்போய், காலால் மிதித்து மடித்து, தெருவில் அட்டை போடுகிற தொட்டியில் போட்டாள். ரொசால்பா சுற்றிய நாடா அதில் ஒட்டியபடியே இருந்தது.

"வர்றப்போ வேற பெட்டி வாங்கிக்கலாம் மாமா."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன்.

மார்ச் 18, புதன். விமானத்தில்

விமான நிலையத்தில் சாமான்களை வாங்கி ஏற்றுகிற பெண், "பெரிய பெட்டி எதுவும் உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்னொரு தரம் கேட்டால் சைக்கிள் கதையைச் சொல்லலாம் என்று நின்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

இப்போது கடலுக்கு மேலே. பக்கத்து இருக்கை அம்மாளிடம் சொன்னேன்: வரும்போது இதே விமானம் மூச்சு வாங்கித்தான் ஏறியது, கீழே ஒரு சைக்கிள் இருந்தது. இன்று பாருங்கள், எவ்வளவு லேசாக ஏறிவிட்டது.

அந்த அம்மாள் தலையாட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.