தரையில் வைத்த டீ

3 பிப்ரவரி 2001
இன்று காலையும் ரூபினியின் கை உதறி டீ டம்ளர் பறந்தது. காக்கிச் சட்டையெல்லாம் டீ. அப்படியே பார்சல் ஆபீசுக்குப் போனேன். அடுகோடிக்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்துதான் இந்தக் கூத்து. "இந்த இடம் வேணாம்பா" என்றாள், நான் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரமே கை உதறல். அதுவும் காலையில் மட்டும்! கார்மெண்ட்ஸில் மெஷின் ஓட்ட அதே கை நன்றாக வருகிறதே? பெற்றவனுக்கே காது குத்துகிறாளா?

11 பிப்ரவரி
அடுகோடிக்காரர்கள் பேசி முடிக்கக் காலையிலேயே வந்தார்கள். காபித் தட்டு மாப்பிள்ளையின் அம்மா மடியில் கவிழ்ந்தது. எழுந்து போய்விட்டார்கள். ஒக்கலிபுரம் முழுக்க இதே பேச்சு.
"ஏன்டி நடிக்கிற?" என்று கத்தினேன்.
"நடிக்கலப்பா. அதுவா தூக்கிப் போடுது."
"இனிமே என் கையில எதையும் குடுக்காத. தரையில வெச்சிட்டுப் போ."

20 பிப்ரவரி
மனைவி எல்லம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் சேஷகிரி கன்னடக்காரரானாலும் தமிழ் பேசுகிறார். "மூளையில பொறி மாதிரி தட்டினாலும் இப்படி வரும், மனசு பாரத்தாலயும் வரும். பாக்க ரெண்டும் ஒண்ணுதான். தலையில ஒயர் ஒட்டி, கை உதறதுக்கு முன்னாடி மூளை அலை எப்படி இருக்குன்னு பாக்கணும். எதுவா இருந்தாலும் நடிப்பு இல்ல" என்றார்.
வெளியே வந்ததும் எல்லம்மாவிடம், "மனசுதான்னு அவரே சொல்லிட்டார்" என்றேன். அவர் அப்படியா சொன்னார்?

13 மார்ச்
ஒயர் ஒட்டிப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன காரியம் நடக்கவில்லை. தலைக்கு ஊற்றி, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். எல்லம்மாவுக்கு மனசு வரவில்லை. "பரட்டைத் தலையோட வெளிய கூட்டிப்போக இது என்ன சாவு வீடா?" என்று தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிவிட்டிருக்கிறாள். ஒயர் ஒட்டும் பெண் தலையைத் தொட்டதுமே, "ஏனம்மா, எண்ணெ ஹச்சித்தீரா?" என்றாள் கன்னடத்தில், எண்ணெய் தடவியிருக்கிறீர்களா என்று. ஒரு ஒயரும் நிற்கவில்லை. இனி மே மாதம்தான்.
எல்லம்மா அழுதாள். எனக்கு வருத்தமே இல்லை. என்ன வரும் என்றுதான் எனக்குத் தெரியுமே.

2 ஏப்ரல்
டீயைத் தரையில் வைக்கிறாள், போகிறாள்.

17 ஏப்ரல்
ரூபினியின் விரலில் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. காலையில் போய் உட்கார்ந்ததும் கை உதறியதாம். வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.
அங்கே யாருக்காக நடிப்பாள்? — இதை வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்தான்.

8 மே
இந்த முறை நானே பக்கத்தில் நின்று தலைக்குச் சீயக்காய் போட வைத்தேன். டாக்டர் நீளக் காகிதத்தை விரித்து விரல் வைத்துக் காட்டினார். "பாருங்க, முதல்ல இங்க பொறி தட்டுது. அப்புறம்தான் கை உதறுது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். காலையில எழுந்ததும்தான் இது ஜாஸ்தி வரும். மாத்திரைக்கு அடங்கிடும்."
மார்ச்சிலேயே தெரிந்திருந்தால் ஊசி இறங்கியிருக்காது. எண்ணெயைக் குறை சொல்லலாம். ஆனால் நான் வருத்தமே படவில்லையே! பெற்ற பெண் சொன்னதை நம்ப எனக்குக் காகிதம் வேண்டியிருந்தது. என்ன அப்பன் நான்?
பஸ் ஸ்டாண்டில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

19 ஜனவரி 2002
மாத்திரைக்குக் கேட்கிறது, கை உதறுவதே இல்லை. வேறு கார்மெண்ட்ஸில் சேர்ந்துவிட்டாள். காலையில் எல்லம்மாவுக்கு டீயைக் கையில் கொடுத்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நானும் கை நீட்டினேன். என் டம்ளரைத் தரையில் வைத்தாள்.
"கையிலயே குடும்மா" என்றேன்.
அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "பழகிடுச்சுப்பா."
குனிந்து எடுத்துக் குடித்தேன்.