கிரகத்து ஆளுக்கு ஒரு கடிதம்

12-6-67, திங்கள்

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், பால்காரர் சொன்னார்.

பதினோரு மணிக்குத் தபால். சிங்கப்பூரிலிருந்து அவர் கடிதம். என் வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்த பிறகு!

வாப்பா மௌத்தைப் பற்றி மூன்று வரி. அப்படியே எழுதி வைக்கிறேன். நான் கூட்டிச் சொன்னதாகப் பின்னால் ஆகக் கூடாது.

"மாமா மௌத்தான செய்தி அறிந்தேன். போனவர் போனவர்தான். நான் வந்து ஆகப் போவது ஒன்றுமில்லை என்பதால் வரவில்லை."

மீதிப் பக்கம் முழுக்க டெலிவிஷன். அங்கே சமூக மன்றத்தில் வாரம் ஒரு நாள் காட்டுகிறார்களாம், வேறு கிரகத்திலிருந்து வந்த ஒருவன் கதை. தலையில் முடி இல்லை. கண் இமைக்க மாட்டான். பக்கத்தில் நிற்பவன் செத்து விழுந்தாலும் "சரி" என்பான். கோபம் கிடையாது, அழுகை கிடையாது, எதற்கும் காரணம் கேட்பான். "மரியம், அவனைப் பார்த்து நாம் படிக்க வேண்டும்."

படிக்கிறேன். நல்லாவே படிக்கிறேன்.

தகப்பன் இல்லாத பிள்ளை என்று இவரை எட்டு வயது வரை தோளிலிருந்து இறக்காத மாமா. வாப்பாவின் ஐந்தருவிப் பழக்கடையில் முதல் மங்குஸ்தான் எப்போதும் அவருக்குத்தான், பெற்ற மகள் எனக்கு இல்லை.

யூசுப். எழுதிவிட்டேன். புருஷன் பெயரைச் சொல்லத்தான் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யூசுப், யூசுப், யூசுப். கல்நெஞ்சன்.

பகலுக்குச் சோறு, சுட்ட கருவாடு. மாமி சாப்பிட்டார். நான் இல்லை.

14-6, புதன்

மாமி (அவருடைய உம்மா, வாப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா) நான் பேனா எடுத்ததைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, அழுது கிழுது எழுதிராத. பிள்ளைக்கு அங்கன மனசு கெட்டுப் போவும்."

மௌத்துச் செய்தி எழுதிய அன்றும் இதே பேச்சு. அதனால்தான் அந்த ஒன்றை எழுதவில்லை. கடைசி மூன்று நாளும் வாப்பா கேட்டது அவரைத்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்த என்னை ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. இதை நினைத்தால் இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வருகிறது. வாப்பா மேல் ஆத்திரப்படக் கூடாது. ஆகவே எல்லாம் சேர்த்து அவர் மேலேயே.

வாங்க: மண்ணெண்ணெய், ஊசி, ஏர் லெட்டர் நான்கு.

16-6, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் வழக்கம்போல் இரண்டு பேரும் கடிதம் எழுத வந்தார்கள். கதீஜா லாத்தா (இனி க.லா.), அடுத்த வீடு. ஜைனம்பு, மூன்றாம் வீடு, புதுப்பெண். இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் அவரோடு ஒரே கிட்டங்கியில், ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கும் இடத்தில், இருக்கிறார்கள். இந்த நான்கு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இங்கே பெண்களுக்கு நான் எழுதுகிறேன், அங்கே ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றதும் எல்லார் நடுவிலும் அவர் வாசிக்கிறார். பதிலும் அவர் கையெழுத்துத்தான்.

மூன்று கடிதத்திலும் டெலிவிஷன்! வரிசையாக வைத்துப் பார்த்தோம்.

அவருக்குப் பிடித்தது கிரகத்து ஆள். மனசு உண்டு, ஆனால் பூட்டி வைத்திருக்கிறானாம்.

க.லா. வீட்டுக்காரருக்கு ஓர் இரும்பு மனுஷன். நெஞ்சில் பச்சை விளக்கு. ஆபத்து வந்தால் சொல்லுவான், வருத்தப்பட மாட்டான்.

ஜைனம்பு வீட்டுக்காரருக்கு நட்சத்திரத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி. பெயர் இல்லை, நம்பர்தான். சொன்னதைச் செய்வாள், எதிர்த்துப் பேச மாட்டாள். (ஆம்பிளைக்கு இதைவிட என்ன வேண்டும்.)

ஜைனம்பு: "அவ சிரிக்கவே மாட்டாளாம் லாத்தா. நான் சிரிச்சாத்தான் அழகுன்னு சொல்லிட்டுப் போனாவ!"

க.லா.: "பெட்டிக்குள்ள எப்படிட்டி மனுசன் நிப்பான்? அது கெடக்கட்டும். எங்க வீட்டு ஆளு சொன்னதுதான் தேவல. இரும்புக்கு மனசு இல்லேன்னா அது குத்தமில்ல. இருந்தும் பூட்டி வச்சிருக்கான் பாரு, அவந்தான் களவாணி."

சரியான பேச்சு. மூன்றில் மோசம் கிரகத்து ஆள்தான். இல்லாதவனை மன்னிக்கலாம்.

ஆகவே முடிவு செய்தேன். அவர் ஆசைப்பட்ட மாதிரியே எழுதுவேன். சலாம் மட்டும் உண்டு, அதை விட முடியாது. கேட்டதற்குப் பதில். ஏக்கம், துக்கம், எப்ப வருவீங்க, எதுவும் கிடையாது. ஜைனம்பு மாட்டேன் என்றுவிட்டாள். "நான் அழுதுதான் எழுதுவேன்." போ.

என் கடிதம்: "அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. வாப்பா பற்றி எழுதியது சரி. ஓடு மாற்றியாயிற்று. மழை பெய்கிறது. மாமி நலம். வேறு செய்தி இல்லை."

ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக விட்டு ஒட்டினேன். வாசித்துவிட்டுத் துடிக்கட்டும்.

22-6, வியாழன்

செய்தி இல்லை. ஐந்தருவியில் வாப்பா கடை போட்ட இடத்தில் இந்த சீசனுக்கு வேறு ஆளாம். ரம்புட்டான் விற்கிறானாம். இருமல். கசாயம்.

5-7, புதன்

பதில் வந்தது. வாசலிலேயே பிரித்தேன்.

"மரியம், இதுதான் கடிதம். நீ தேறிவிட்டாய். மிகச் சந்தோஷம். இப்படியே எழுது."

சந்தோஷமாம்!

அம்மியில் தேங்காய் அரைக்கும்போது மாமி கேட்டார், "மிளகாயா அரைக்கே? கண்ணுல தண்ணி ஊத்துது." ஆமாம் என்றேன்.

கடிதத்தின் கீழே ஒரு பெருமை வேறு. கிட்டங்கியில் யார் கடிதமானாலும் ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் வாசிக்கிறாராம், சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறாராம். மற்றவர்கள் அழுதாலும் இவர் குரல் மாறாதாம். கிரகத்து ஆள் மாதிரி.

நான்கு தடவை வாசித்தேன் இந்த இடத்தை. நான்காவது தடவை சிரிப்பு வந்தது.

7-7, வெள்ளி

எழுதுவதற்கு நானே க.லா. வீட்டுக்குப் போனேன், மாமி காதில் விழக் கூடாது.

என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். லாத்தா வெற்றிலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"பாவமில்லையாட்டி? நாலு பேரு இருக்கையில..."

"நாலு பேர் இருக்கணும் லாத்தா."

வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். அப்புறம்: "நானும்தான அங்கன நின்னேன். நான் கண்ணால பார்த்தத சொல்லுதேன். நீ ஒண்ணும் சேக்காத. எழுது."

சேர்க்கவில்லை. லாத்தா தன் வீட்டுக்காரருக்குச் சொன்னது, என் கையெழுத்தில்:

"மரியத்துக்க வாப்பா மௌத்தான கதைய உங்களுக்குச் சொல்லல. செங்கோட்டை ரயில் கூவும்போதெல்லாம் எந்திரிச்சு உக்காருவாவ. யூசுப் வந்துட்டானா, யாராவது டேசனுக்குப் போங்கலேன்னு சத்தம் போடுவாவ. ரெண்டாம் நாளு புது வேட்டி எடுத்துக் கெட்டச் சொன்னாவ, புள்ளைய கூட்டிட்டு வர நானே போறேன்னு. வேட்டி இடுப்புல நிக்கல. கடைசியா நான் பக்கத்துல நிக்கேன், யூசுபுக்குச் சோறு எடுத்து வச்சிட்டியான்னு கேட்டாவ. வச்சிட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் பேசல."

எழுதும்போது நான் அழவில்லை. லாத்தாதான் அழுதார். ஒரு பக்கம் கூட வெள்ளையாக விடவில்லை.

19-7, புதன்

எண்ணிப் பார்த்தால் போன ஞாயிறு வாசித்திருக்க வேண்டும். சாரல் நின்று வெயில். துணி காய்ந்தது. மாமி இட்லிக்குப் போட்டார், புளிக்கவில்லை. ஒரு வேலையும் ஓடவில்லை. குரல் மாறாமல் வாசித்திருந்தால்? அப்படியானால் அவர் நிஜமாகவே இரும்பு, நான் தோற்றேன். அதற்கப்புறம் அந்த மனுஷருக்கு என்ன எழுத?

27-7, வியாழன்

எனக்குக் கடிதம் இல்லை. க.லா.வுக்கு வந்தது. ஏர் லெட்டரைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், கால் முழுக்க சேறு.

கையெழுத்து அவருடையது. எழுத்து முன்பைப் போல நேராக இல்லை.

"கதீஜாவுக்கு மைதீன் சொல்ல, யூசுப் எழுதுவது. உன் கடிதத்தை யூசுப் வாசித்தான். எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வந்துட்டானா என்ற இடத்தில் நிறுத்தினான். இருமல் என்றான். இருமல் இல்லை. அதே வரியை மறுபடி வாசித்தான், மறுபடி நிறுத்தினான். போதும்ப்பா, வையி என்றேன். கேட்கவில்லை, கடைசி வரை வாசித்தான். சோறு என்ற இடம் யாருக்கும் விளங்கவில்லை, அவன் குரல் அப்படி. பிறகு குழாயடியில் போய் உட்கார்ந்தவன் சாயங்காலம் அசர் பாங்கு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. இப்போது இதை எழுதும்போதும் அழுகிறான். அதையும் எழுதுடா என்று சொன்னேன். எழுதுகிறான்."

சத்தமாக வாசித்தேன். லாத்தா "அல்லாவே" என்றார். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லவில்லை, நானாகவே வாசித்தேன். வேணும், நல்லா வேணும். அசர் வரைக்கும்! மாமி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், எப்போது வந்தாரோ. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடியில் இடம் இல்லாமல் ஓரத்தில் ஒரு வரி, சின்ன எழுத்தில். மைதீன் மச்சான் சொல்லியிருக்க மாட்டார்.

"மாமாவை எந்தப் பக்கம் அடக்கியிருக்கிறது என்று மரியத்திடம் கேட்டு எழுதவும்."

லாத்தா: "பதில் எழுதிருவமாட்டி?"

எனக்கு எப்படித் தெரியும்? வாசல் வரைதான் நான். ஜமாஅத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள். பெண்களை அங்கே விடுவதில்லை. கூடப் போய், பார்த்து, திரும்பி வந்து என்னிடம் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆம்பிளை டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் யாரிடமாவது கேட்டால் சொல்லுவார்கள். கேட்க மாட்டேன்.

என் பெயரிலேயே எழுதினேன்: "எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து பார்த்து எனக்குச் சொல்லுங்கள்."

ஒட்டியாயிற்று. வரட்டும். வந்த பிறகு இருக்கிறது.