பாய்லர் ரூமில் போட்ட ஸ்டூல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமலும் அம்மாவின் முட்டிவலியும் குறைந்தனவா? நான் நலம், சப்பாத்தியைத்தான் சகிக்க முடியவில்லை.

இங்கே சண்டை எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். எதிரியின் தொழிற்சாலையைத் தாக்கிப் பழகுவதற்காக, பாலைவனத்தில் தகரத்தால் ஒரு பொய்த் தொழிற்சாலை கட்டச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது நீங்கள் வேலை செய்யும் நம் பம்மல் தோல் கம்பெனிதான். அதையே கட்டினேன். பாய்லர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் ஸ்டூலைக்கூட விடவில்லை.

முதல் விமானம் புகைபோக்கியைச் சாய்த்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நம் தாம்பரத்து ஆபீசர் லாசரஸிடம், "புயல்ல சிம்னி விழுந்தும் எங்க கம்பெனி மறுநாளே ஓடிச்சு சார். பாய்லர் ரூமை அடிங்க, அப்பதான் வேலை நிக்கும்" என்றேன்.

"இன்னாய்யா, முதலாளி மேல அவ்ளோ கோவமா?" என்று சிரித்தார்.

அடுத்த விமானம் பாய்லர் ரூமைத் தூள் தூளாக்கியது. என்னை எல்லோரும் பாராட்டினார்கள். போய்ப் பார்த்தேன், ஸ்டூலில் ஒரு கால்தான் மிச்சம். அன்று சாப்பாடு இறங்கவில்லை. அது சப்பாத்தியின் குற்றமில்லை.

அப்பா, இனிமேல் பாய்லர் ரூமில் சாப்பிடாதீர்கள். கம்பெனி கேட்டுக்கு வெளியே போய் உட்காருங்கள். காரணம் கேட்காமல், 'சரி' என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள். தபால் வண்டி கிளம்புகிறது.

குப்புராஜ்