வெயில் தேடிப் போன கார்

இன்று காலை தீப்பெட்டி வாங்கப் போனவள், கீழே கிடந்த கண்ணாடித்தாளைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பெட்டிக்கடை முன்னால் நின்ற ஒருவர் புது சிகரெட் பெட்டியைப் பிரித்து, மேலே சுற்றியிருந்த தாளை உருவிக் கீழே போட்டார். அந்தச் சரசரப்பு காதில் விழுந்ததும் என்னையறியாமல் குனிந்துவிட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புருஷன் போன துக்கத்தில் இந்தம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். சொல்லட்டும். இந்தத் தாளை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று அவருக்கு என்ன தெரியும்.

பீடி சிகரெட் தொடாத மனுஷர் நீங்கள். ஆனாலும் குற்றாலத்தில் குளிக்க உங்கள் வாடகைக் காரில் வரும் கூட்டம் சீட்டில் போட்டுவிட்டுப் போகும் இந்தத் தாளை மட்டும் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். காரைக் கழுவித் துடைத்த பிறகு வெறும் விரலால் தடவினால் பெயின்ட் வழவழவென்று இருக்கும். அதே இடத்தில் இந்தத் தாளை விரல் நுனியில் சுற்றிக்கொண்டு தடவினால் மணல் மணலாகத் தட்டுப்படும். தார்ப்பொட்டு, மரப்பிசின், கண்ணுக்குத் தெரியாத தூசி எல்லாம் அப்போதுதான் தெரியவரும். நான் எவ்வளவு துடைத்தாலும் உங்களுக்குத் திருப்தி வராது. “ஏட்டி, தாளை வச்சுப் பாத்தியா?” என்பீர்கள். அது ஒன்றுதான் கேள்வி. சாப்பிட்டாயா என்று கேட்டதைவிட அதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கறுப்புக் காரை நீங்கள் வாங்கிய வருஷம் நினைவிருக்கிறதா? எஸ்டேட்காரர் ஒருவர் ஓட்டிக் கழித்த கார். குற்றாலம் ஸ்டாண்டில் சீசனுக்கு நிறுத்தப்போகிறோம், பார்த்தவுடன் ஆள் ஏற வேண்டும் என்று மெழுகு போடத் துணிந்தீர்கள். செங்கோட்டைக் கடையில் தேன்மெழுகு வாங்கி வந்து, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு டர்பன்டைன் கலந்தீர்கள். வீடெல்லாம் அந்த நெடி. அன்று பொங்கிய சோற்றிலும் அதே நெடிதான் அடித்தது. அந்த மெழுகைக் கொண்டுபோய் ஐந்தருவிப் பாதையில் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தி, சாரல் இல்லாத நேரம் பார்த்துப் பூசினீர்கள். சாரல் இல்லாவிட்டால் என்ன, குற்றாலத்துக் காற்றே ஈரம்தானே. ஒரு வாரத்தில் கார் முழுக்க மெழுகுக்கு அடியில் வெளுத்துப் பூத்துவிட்டது. ஸ்டாண்டில் விடுவார்களா? “என்ன அண்ணாச்சி, காருக்கும் திருநீறு பூசிட்டீரா?” என்று கேட்டுக் கேட்டே உங்களை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். அந்த சீசன் முழுக்க உங்கள் காருக்குச் சாமியார் கார் என்றுதான் பேர். நான் அன்று சிரித்தேன் என்று உங்களுக்கு என்ன கோபம்!

அதற்குப் பிறகுதான் வெயில் தேடிப் போகிற வழக்கம் வந்தது. வைகாசி கடைசியில், சாரல் இறங்குவதற்கு முன்னால், தென்காசியில் நம் வீட்டுக் கொட்டகையில் வைத்து காரைத் தயார் செய்வோம். மேலேயிருந்து கீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தாருக்கு மண்ணெண்ணெய், மண்ணெண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்பு. பிறகு பெயின்டுக்கு மெருகேற்றும் காம்பவுண்டுப் பசை போட்டுத் தேய்க்க வேண்டும். பழைய பெயின்டின் செத்த தோல் உரிந்து, துணியெல்லாம் கரியாகிவிடும். என் பழைய நூல் சேலைகள் எல்லாம் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன. சரிகை கீறும் என்று கரையை மட்டும் வெட்டி என் கையில் கொடுத்துவிடுவீர்கள், ஏதோ பெரிய உபகாரம் செய்த மாதிரி. நான் தேய்க்கும்போது, “வட்டம் போடாதட்டி, இது என்ன தோசக்கல்லா? நேரா இழு” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

ஆமாம், அந்தப் பக்கத்திலிருந்து. வலப்பக்கம் உங்களுக்கு, இடப்பக்கம் எனக்கு. யார் பிரித்துக் கொடுத்தார்கள் என்று தெரியாது, முதல் வருஷம் அப்படி நின்றோம், அப்படியே நிலைத்துவிட்டது. உங்கள் பக்கத்தில் நான் கை வைத்ததில்லை. நடுவில் காரை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொள்வோம். வீட்டுக்குள் பேசாததையெல்லாம் அங்கே பேசியிருக்கிறோம்.

தேய்த்து முடித்த காரை நீங்கள் பச்சை உடம்பு என்பீர்கள். பிள்ளை பெற்றவளைச் சொல்கிற மாதிரி. “பச்ச ஒடம்புட்டி, நனயவே கூடாது” என்று படுதா போட்டு மூடுவீர்கள். எனக்கு அந்தப் பச்சை உடம்பு வாய்க்கவில்லை. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும். உங்களுக்கும் தைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இல்லாவிட்டால் படுதாவின் ஓரத்தை அத்தனை கவனமாகச் செருகியிருக்க மாட்டீர்கள்.

மறுநாள் காலை சுந்தரபாண்டியபுரத்துக்குக் கிளம்புவோம். இங்கே மேகம் கவிந்து கிடந்தாலும் அங்கே வெயில் அடிக்கும். மேல்காற்று புழுதியை வாரிப் பூச்சில் போட்டுவிடக் கூடாது என்று குளத்துக்கரைக்குக் கீழ்ப்புறமாக, காற்று மறைந்த இடத்தில் காரை நிறுத்துவீர்கள். கதவு இடுக்கு, விளிம்பு எல்லாம் ஈரம் காய்ந்த பிறகுதான் மெழுகு. வருஷம் முழுக்க ஊர் உலகத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு திரிந்த காரில் நான் உட்கார்ந்து போனது அந்த ஒரு நாள்தான். முன் சீட்டில், உங்களுக்கு இடப்பக்கம். தூக்குச்சட்டியில் புளிச்சோறும் துவையலும். சினிமாவுக்குப் போகிற மாதிரி தலை நிறையப் பூ வைத்துக்கொள்வேன். கார் துடைக்கப் போகிறவளுக்கு எதற்கு இத்தனை பூ என்று கேலி செய்வீர்கள். கேலி செய்துகொண்டே போகிற வழியில் இன்னொரு முழம் வாங்கித் தருவீர்கள்.

உங்கள் சட்டையைத் துவைப்பது தனிக் கதை. எந்தச் சட்டையானாலும் வலக்கை முழங்கையில் கறுப்பாக ஒரு கறை. சோப்பு போட்டுக் கசக்கினாலும், கல்லில் அடித்தாலும் போகாது. எங்கே போய் முழங்கையை இழைத்துவிட்டு வருகிறீர்கள் என்று நான் கத்துவேன். “ஒனக்குத் துணி வெளுக்கத் தெரியல” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவீர்கள்.

போன கார்த்திகையில் ஒரு காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நானும் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அதோடு போய்விட்டீர்கள். காரை ஓட்ட ஆள் வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. கொட்டகையில் நின்று துருப்பிடிக்கவிடவும் மனசு வரவில்லை. இந்த வைகாசியில், பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி கேட்டார், கொடுத்துவிட்டேன். நல்ல மனுஷர்தான். மெழுகு போட்டுத் தருகிறேன், ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதெல்லாம் எதற்கு, அங்கே பையன்களை விட்டுத் துடைத்துக்கொள்கிறேன் என்றார். பையன்கள் மண்டிச் சாக்கை வைத்துத் துடைப்பார்கள். இத்தனை வருஷம் நீங்கள் பொத்திப் பொத்தி வைத்தது ஒரே சீசனில் போய்விடும். உங்களுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் உங்கள் தம்பி மகன் கொள்ளி வைத்துச் செய்துவிட்டான். எனக்கென்று மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான். உங்கள் கார் உங்கள் முறைப்படி பூச்சோடு வீட்டை விட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன், அவரும் சரி என்றார்.

தனியாகத்தான் செய்தேன். கழுவி, தார் எடுத்து, காம்பவுண்டு போட்டு என் பக்கத்தை முடித்தேன். உங்கள் பக்கத்துக்குப் போகக் கால் வரவில்லை. அதட்டுவதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் தேய்ப்பது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? ஒருமுறை வேண்டுமென்றே வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கொட்டகை சும்மா இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் உங்கள் பக்கத்தில் பாதி முடித்திருப்பேன், சாரல் முந்திக்கொண்டது. அதே நேரத்தில் அண்ணாச்சியின் டிரைவர் வந்து நிற்கிறான். கல்யாண வீட்டுக்குக் கார் வேண்டுமாம், இன்றே எடுத்துவரச் சொன்னாராம். பச்சை உடம்போடு நிற்கிறது கார், வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று முந்தானையில் முடிந்துகொண்டேன். நல்ல பையன், சண்டை போடவில்லை. மெழுகு டப்பாவையும் துணி மூட்டையையும் காட்டி, சுந்தரபாண்டியபுரம் வழியாகப் போ, அங்கே வெயில் இருக்கும், பூசிக் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்றேன். சுற்றுவழி என்று தலையைச் சொறிந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, “ஏறுங்க ஆச்சி” என்றான். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அத்தனை பெரிய சீட் என்று எனக்குத் தெரியாது.

ஊர் தாண்டியதும் தூறல் விட்டது. குளத்துக்கரையில் வெயில். அதே இடத்தில் நிறுத்தச் சொன்னேன். பையன் கரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். உங்கள் பழைய வேட்டியால் ஈரம் ஒற்றி எடுத்து, விட்டுப்போன இடத்தைத் தேய்த்து முடித்து, காயவிட்டு, தாளை விரலில் சுற்றிக்கொண்டு உங்கள் பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். மட்கார்டு, பின்கதவு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. டிரைவர் கதவுக்கு வந்து, கண்ணாடி ஏறி இறங்குகிற விளிம்பில் கை வைத்தபோது தாள் சட்டென்று தடுக்கியது.

குனிந்து பார்த்தேன். அந்த விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பே இல்லை. அடிப்பூச்சின் செம்மண் நிறம், அதற்கும் நடுவில் தகரம். கீறலும் இல்லை, துருவும் இல்லை, தேய்ந்து தேய்ந்து குழிந்துபோன மாதிரி இருந்தது. இது எப்படி வந்தது என்று கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. காரைச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைப் பார்த்தேன், அங்கே அப்படி எதுவும் இல்லை. பிறகுதான் உறைத்தது. நீங்கள் முழங்கையை வெளியே வைத்து ஓட்டுகிற இடம். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும், செங்கோட்டைக்கும் ஆலங்குளத்துக்கும், மழையிலும் வெயிலிலும் அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கிறது. நான் கல்லில் அடித்துக் கசக்கிய கறுப்பு, இந்த விளிம்பின் கறுப்பு. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வருஷா வருஷம் அந்தப் பக்கத்தைத் தேய்த்தவர் நீங்கள்தானே. என் வாயில் விழ வேண்டாம் என்று கமுக்கமாக இருந்துவிட்டீர்கள். சரியான திருட்டு மனுஷர்!

அந்த இடத்தில் காம்பவுண்டு போடவில்லை. இருந்தபடியே மெழுகைத் தொட்டு வைத்து, வேட்டித் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். என் கை அந்தக் குழிவில் கொஞ்ச நேரம் இருந்தது. தகரம் வெயிலில் சுட்டது. எடுக்க மனசில்லாமல் வைத்திருந்தேன்.

பூச்சு காய்ந்து, துடைத்து, கார் முகம் பார்க்கிற மாதிரி ஆன பிறகு சாவியைக் கொடுத்தேன். பையன் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கை தானாகப் போய் அந்த விளிம்பில் உட்கார்ந்தது.

“தம்பி, அங்கன கைய வைக்காத.”

அவன் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். “வேற எங்கன ஆச்சி வைக்கது?” என்றான்.

பாவம், அவனைச் சொல்லி என்ன. கார் ஓட்டுகிறவன் கையை வேறு எங்கே வைப்பான். வைத்துக்கோ என்றேன். கார் கிளம்பிக் கரை திரும்பும்வரை அந்த முழங்கை வெளியே தெரிந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். புளிச்சோறு கட்டவில்லை, பூவும் இல்லை. ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறவளிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது. யாரும் வரவில்லை.

இப்போது ஆடி. அருவியில் நல்ல தண்ணீர் என்கிறார்கள். கார் பாவூர்சத்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, பளபளவென்று இருக்கிறதாம், அண்ணாச்சியே சொல்லியனுப்பினார். கொட்டகை காலி. காலையில் கொண்டுவந்த தாளை விரலில் சுற்றிக்கொண்டு தடவிப் பார்க்க இங்கே ஒன்றுமில்லை.

உங்கள் சட்டைகளையெல்லாம் காரியத்தன்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும், கறை ரொம்ப மோசம், இதை எப்படி ஒருவருக்குக் கொடுப்பது என்று கூச்சப்பட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். குளத்துக்கரையிலிருந்து வந்த அன்று பெட்டியைத் திறந்து அதை எடுத்துப் பார்த்தேன். வலக்கை முழங்கையில் அந்தக் கறுப்பு அப்படியே இருக்கிறது. நல்லவேளை, எனக்குத் துணி வெளுக்கத் தெரியவில்லை.